அறிவியல் புனைகதை காமிக்ஸ் தொடரைத் தொடங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்கலமும் வேற்றுக்கிரகமும் வருகிற காமிக்ஸ் தொடர் ஒன்றை ஆசையாக எடுத்து, பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். 'இன்கால்' என்ற காமிக்ஸ் தொடரின் முதல் ஆல்பத்தை இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டு, மூன்றாம் முறைதான் முடித்தேன். அப்படி நின்றுபோகிறவர்கள் கேட்கிற கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே. எந்தக் கதையின் முடிவையும் இங்கே சொல்லவில்லை. தொடக்கத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

ஒரு தொடரை எங்கிருந்து தொடங்குவது? முதல் இதழா, தொகுப்பா?

தொகுப்பு. தனித்தனி இதழாகத் தேடிச் சேர்ப்பது அந்தத் தொடரின் மேல் ஏற்கெனவே பைத்தியமாக இருப்பவர்கள் செய்கிற வேலை. புதிதாக வருகிறவருக்கு ஐந்தாறு இதழ்களை ஒன்றாகக் கட்டிய புத்தகமோ, ஒரு ஐரோப்பிய ஆல்பமோ (ஐம்பது பக்கத்துக்குச் சற்றுக் குறைவான காமிக்ஸ் புத்தகம்), மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) என்றால் முதல் புத்தகமோதான் சரியான அளவு. ஒரு தனி இதழ் இருபது பக்கத்தில் முடிந்துவிடும். அதற்குள் ஊரும் பேரும்கூட பழகியிருக்காது.

அட்டையில் '1' என்று போட்டிருந்தால் அதுதான் கதையின் தொடக்கமா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் இந்த எண்ணை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு.

'வலேரியன்' கதையைப் பாருங்கள். பியர் கிறிஸ்டின் எழுத, ழான்-குளோத் மெசியேர் வரைந்த பிரெஞ்சுத் தொடர். காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒரு காவலரைப் பற்றியது. 1967 நவம்பரில் 'பிலோட்' வார இதழில் ஆரம்பித்தது. அந்த முதல் கதையில் வலேரியன் 11-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறார். அங்கேதான் லோரலீன் என்ற பெண்ணைச் சந்திக்கிறார். ஒரே கதையோடு போகவேண்டிய பாத்திரம் அது. வாசகர்களுக்குப் பிடித்துப்போனதால் தங்கிவிட்டாள். பின்னால் தொடரையே தூக்கி நிறுத்தியவளும் அவள்தான். ஆனால் 1970-இல் முதல் எண்ணிட்ட ஆல்பம் வந்தபோது அதில் இருந்தது இரண்டாவது கதை. முதல் கதை பல வருடம் கழித்து, 2000-இல், பூஜ்ஜியம் என்ற எண்ணோடு தனி ஆல்பமானது. ஆக, ஒன்றிலிருந்து தொடங்குகிறவர் லோரலீன் எப்படி வந்தாள் என்பதே தெரியாமல் உள்ளே நுழைகிறார். பெரிய நஷ்டம் இல்லை, ஏனென்றால் இரண்டாவது கதைதான் ஓவியர் தன் கையைக் கண்டுகொண்ட கதை. வெள்ளத்தில் மூழ்கிய 1986-ஆம் வருட நியூயார்க் அதில் வருகிறது. முதலில் அதைப் படித்துவிட்டு, அப்புறம் பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதுதான் என் யோசனை.

இதைவிட வேடிக்கை அமெரிக்காவின் 'வியர்ட் சயின்ஸ்'. 1950-இல் வெளிவந்த அதன் முதல் இதழின் எண் 12! அதே நிறுவனம் நடத்திவந்த ஒரு காதல் காமிக்ஸ் 11-ஆவது இதழோடு நின்றுபோயிருந்தது. புதுப் பத்திரிகை என்றால் தபாலில் அனுப்பும் சலுகைக்குப் புதிதாக அனுமதி வாங்கவேண்டும். அதனால் பெயரை மாற்றிவிட்டு எண்ணை அப்படியே தொடர்ந்தார்கள். 15 வரை போன பிறகு எண் மறுபடி 5-க்கு வந்தது. விளைவு, 12 முதல் 15 வரை எண் போட்ட இதழ்கள் இரண்டிரண்டு இருக்கின்றன. நல்லவேளையாக அது தனித்தனிச் சிறுகதைகள் கொண்ட பத்திரிகை. எந்த இதழை முதலில் எடுத்தாலும் குற்றமில்லை.

பிரிட்டனின் 'ஜட்ஜ் ட்ரெட்' இன்னொரு விதம். '2000 ஏடி' வார இதழ் 1977 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் இதழில் ட்ரெட் கிடையாது. இரண்டாவது இதழில்தான் வருகிறார். அப்போதும் முதலில் எழுதி வரையப்பட்ட கதை அச்சேறவில்லை, வேறொரு கதைதான் வந்தது. ட்ரெட் சட்டத்தைக் காக்கிற மெகா-சிட்டி ஒன் என்ற எதிர்கால நகரம் எவ்வளவு பெரியது, சட்டம் எப்படி நடக்கிறது என்பதெல்லாம் ஆரம்ப அத்தியாயங்களில் முடிவாகியிருக்கவே இல்லை. எழுத எழுதத்தான் கெட்டிப்பட்டது. இப்படிப்பட்ட தொடரில், நல்ல பெயர் வாங்கிய நடுக்கதை ஒன்றில் நுழைந்து, பிடித்திருந்தால் ஆரம்பத்துக்குப் போவது தவறே இல்லை. ஒரே நீளக் கதையாகப் போகிற தொடருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். ஒன்றுமே புரியவில்லை. தப்பு என் மேலா?

இல்லை. புரியக்கூடாது என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் புரிந்துவிட்டால் இரண்டாம் அத்தியாயத்துக்கு ஏன் வரப்போகிறீர்கள்?

பழைய காமிக்ஸ் இப்படி இல்லை. கட்டத்தின் மேலே ஒரு பெட்டி இருக்கும். எந்த வருடம், எந்தக் கிரகம், யார் எதிரி என்று அதில் எழுதியிருக்கும். வாரத்துக்கு ஒரு பக்கம் வந்த காலத்தில் அது தேவைப்பட்டது, போன வாரத்தை யார் நினைவில் வைத்திருந்தார்கள்? பிறகு வந்தவர்கள் அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஊரை விளக்கும் வேலை ஓவியரிடம் போனது. அதனால் வசனத்தை மட்டும் வேகமாகப் படித்துக்கொண்டு போகிறவருக்குப் பாதிக் கதைதான் கைக்கு வருகிறது.

இன்கால் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அலெஹாண்ட்ரோ ஹொடரோவ்ஸ்கி எழுதி மோபியஸ் வரைந்தது. 1980 முதல் வந்தது. முதல் பக்கத்திலேயே ஜான் டிஃபூல் என்ற துப்பறிவாளரை முகமூடிக்காரர்கள் அடித்து, தலைசுற்றும் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள். கீழே அமில ஏரி. அவன் விழுந்துகொண்டே இருக்கிறான். யார் தள்ளினார்கள், எதற்கு, இது எந்த ஊர் என்று எதுவும் சொல்லப்படவில்லை. நான் முதல் இரண்டு முறையும் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடித்தான் சோர்ந்துபோனேன். மூன்றாம் முறை அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டேன்: இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும்? சாகாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. அவன் விழுகிற வேகத்தில் நகரமே நம் கண்முன் மேலிருந்து கீழாக ஓடுகிறது. கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கும் ஊர் என்பதை யாரும் சொல்லாமலே நாம் பார்த்துவிடுகிறோம்.

'சாகா'வும் இப்படித்தான். பிரையன் கே. வாகன் எழுத, ஃபியோனா ஸ்டேபிள்ஸ் வரைகிறார். 2012 மார்ச்சில் தொடங்கியது. போர் நடக்கும் இரண்டு இனங்களைச் சேர்ந்த அலானா, மார்கோ என்ற இருவருக்குக் குழந்தை பிறக்கிற காட்சிதான் தொடக்கம். தொலைக்காட்சிப் பெட்டியைத் தலையாகக் கொண்ட இளவரசன், கொம்பு, இறக்கை, மந்திரம், துப்பாக்கி என்று எல்லாம் ஒரே இதழில் கொட்டுகிறது. ஆனால் அந்தத் தாய் தகப்பனுக்கு என்ன வேண்டும் என்பதில் துளி குழப்பமும் கிடையாது. பிள்ளையோடு உயிர் தப்பவேண்டும்.

ஆகவே, உலகம் புரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். ஆள் என்ன கேட்கிறான் என்பதும் புரியவில்லை என்றால் மட்டும் இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள். அப்போதும் பிடிபடவில்லையா? அது எழுதினவர் தப்பு.

படங்களை எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும்?

எல்லாக் கட்டத்தையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை நகராது. ஒரு புது இடம் வருகிற முதல் பெரிய கட்டத்தில் மட்டும் நின்று பாருங்கள். எது பழசாக இருக்கிறது, எது உடைந்திருக்கிறது, பின்னால் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் போதும்.

கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'அகிரா' இதற்கு நல்ல பயிற்சி. 1982 முதல் 1990 வரை வந்து ஆறு புத்தகமாக, இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் விரிந்த மங்கா. 1982 டிசம்பரில் டோக்கியோ மேல் ஒரு வெடிப்பு. கொஞ்சமே சொற்கள். அடுத்த மூச்சில் 2019. பைக் ஓட்டும் பையன்கள் ஆளில்லாத பெருஞ்சாலையில் போகிறார்கள். அந்தச் சாலை ஓரிடத்தில் அறுந்து நிற்கிறது, அதற்கப்பால் பழைய வெடிப்பின் குழி. திரும்பி வரும்போது சாலை நடுவே ஒரு சிறுவன் நிற்கிறான். உடம்பு குழந்தை, முகம் கிழவன். பைக் பையன்களில் ஒருவனான டெட்சுவோ மோதி விழுகிறான். இந்தச் சில பக்கங்களில் வசனம் மிகக் குறைவு. வெடிப்பு நடந்து இத்தனை வருடமாகியும் நகரம் அந்தக் குழியைத் தொடாமலே பக்கத்தில் வாழ்கிறது என்பது அறுந்த சாலையைப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம், தலைப்பில் இருக்கிற அந்தப் பெயர்க்காரர் முதல் புத்தகத்தில் தலைகாட்டவே மாட்டார். 'யார் இந்த அகிரா?' என்று நீங்கள் தவித்தால், கதை சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

ஒரு தொடக்கத்தை எடுத்துப் படித்துக் காட்ட முடியுமா?

என்னிடம் கேட்டால் 'எல் எடர்னாட்டா'வைத்தான் எடுப்பேன். அர்ஜென்டினாவின் ஹெக்டர் ஹெர்மன் ஓஸ்டர்ஹெல்ட் எழுத, பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ் வரைந்தது. 1957 செப்டம்பர் 4-ஆம் தேதி தொடங்கி 1959 வரை வார இதழில் வந்தது. கறுப்பு வெள்ளை, அகலவாட்டுப் பக்கங்கள்.

ஒரு குளிர்கால இரவு, விடிய இன்னும் நேரம் இருக்கிறது. காமிக்ஸ் கதை எழுதுகிற ஒருவர் தன் வீட்டில் தனியாக விழித்திருந்து வேலை பார்க்கிறார். எதிரே காலி நாற்காலி. அது கிறீச்சிடுகிறது. யாரோ உட்காரும்போது எழுகிற சத்தம், ஆனால் யாரும் இல்லை. பிறகு மெல்ல மெல்ல ஒரு மனிதன் அங்கே உருவாகிறான். களைத்த முகம். தான் வந்திருப்பது பூமிதானா என்பதே அவனுக்குச் சந்தேகம். தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இதில் அறிவியல் என்று என்ன வந்தது? எதுவும் இல்லை. ஒரு நாற்காலிச் சத்தம். ஓஸ்டர்ஹெல்ட் நம்மை விண்வெளிக்குக் கூட்டிப்போகவில்லை, விண்வெளியில் அலைந்தவனை நம் அறைக்குள் உட்காரவைத்துவிட்டார். கேட்கிறவர் ஒரு எழுத்தாளர் என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது சும்மா வைத்த ஏற்பாடு இல்லை.

அடுத்து அவன் சொல்லும் கதை. அவன் பெயர் ஹுவான் சால்வோ. புவனோஸ் ஐரிஸ் பக்கத்தில் ஒரு வீடு. மனைவி, மகள். நண்பர்கள் வந்திருக்கிறார்கள், மாடியில் சீட்டாட்டம் நடக்கிறது. வானொலியில் அணுகுண்டுச் சோதனை பற்றி ஒரு செய்தி வருகிறது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திடீரென்று மின்சாரம் போகிறது. வெளியே ஒரே அமைதி. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் பனி பெய்கிறது, மெல்ல ஒளிரும் பனி. தெருவில் இருந்தவர்கள் விழுந்து கிடக்கிறார்கள். அது தொட்ட இடத்தில் உயிர் போகிறது. நண்பர்களில் ஒருவர் தன் வீட்டாரை நினைத்துப் பதறி வெளியே ஓடுகிறார், சில அடிகூடத் தாண்டவில்லை.

அடுத்து அவர்கள் செய்வதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைக்கிறார்கள். வீட்டில் இருக்கிற பொருளையெல்லாம் வைத்து, உடம்பில் ஒரு இடம்கூட வெளியே தெரியாத ஒரு உடையைத் தைக்கிறார்கள். முகத்துக்கு நீச்சல் முகமூடி. லேசர் துப்பாக்கி இல்லை, விண்வெளி உடை இல்லை. சில சாதாரண மனிதர்கள், கைக்குக் கிடைத்த சாமான். பூமிக்கு என்ன ஆனது என்பதை ஓஸ்டர்ஹெல்ட் அவசரப்பட்டுச் சொல்லவே இல்லை. பனி எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன் ஒட்டுத்துணி போதுமா என்ற கவலையை நம் மேல் ஏற்றிவிடுகிறார்.

இதைப் படிக்கும்போது பனிக்காட்சியின் கட்டங்களில் கொஞ்சம் நில்லுங்கள். முழுக் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான் ஓவியம். ஓசை எழுத்து எதுவும் கிடையாது. அந்த மௌனத்தைக் கண்ணால் கேட்கவேண்டும்.

புரியாத பெயர்கள், கருவிகள், இனங்கள் வருகின்றன. குறித்து வைத்துக்கொள்ளவேண்டுமா?

வேண்டாம். முக்கியமான சொல் என்றால் மறுபடி வரும், மூன்றாம் முறை வரும்போது பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும். திரும்ப வராத சொல்லைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது என்ன? பெயர்களைவிட ஆட்களின் உருவத்தை நினைவில் வையுங்கள். மூக்கு, தலைமுடி, நடக்கிற விதம். நல்ல ஓவியர் நிழலுருவத்திலேயே ஆளைப் பிரித்துக் காட்டிவிடுவார்.

கட்டத்துக்கு வெளியே எழுதியிருக்கும் வரிகள் யாருடைய குரல்?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. சாகாவில் பெட்டிக்குள் அடைபடாமல் படத்தின் மேலேயே கையெழுத்தில் ஓடுகிற வரிகள் உண்டு. ஓவியரே தன் கையால் எழுதுகிறார். அது பிறந்துகொண்டிருக்கிற அந்தக் குழந்தை, ஹேசல், பெரியவளாகிப் பேசுகிற குரல். கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு செய்தி ஒளிந்திருப்பது தெரியும். சுற்றிலும் துப்பாக்கி வெடிக்கிறது, ஆனால் இந்தக் குழந்தை பிழைத்து வளரப்போகிறது என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிட்டது. அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அங்கிருந்துதான் பயம் பிறக்கிறது.

எந்தத் தொடராக இருந்தாலும் இந்தக் குரல் யாருடையது, எந்தக் காலத்திலிருந்து பேசுகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மங்காவை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

வலமிருந்து இடம். புத்தகத்தின் முதுகு வலது கையில் இருக்கும். பக்கத்தில் வலது மேல் மூலையில் தொடங்கி இடது கீழ் மூலையில் முடிக்கவேண்டும், வசனக் குமிழ்களும் அதே வரிசைதான். அரை மணி நேரத்தில் கண் பழகிவிடும். பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, இடமிருந்து வலமாக அச்சிட்டிருப்பார்கள். அதில் வலதுகைக்காரர்கள் எல்லாரும் இடதுகைக்காரர்களாகிவிடுவார்கள்.

வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

முதலில் எப்படி வெளியானதோ அப்படி. அகிராவை 1988-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ஸ்டீவ் ஓலிஃப் கணினியில் வண்ணம் சேர்த்தார். அழகான வேலைதான், அந்தக் காலத்துக்கு முன்னோடியும்கூட. ஆனாலும் ஓட்டோமோவின் கோடுகள் கறுப்பு வெள்ளைக்காகப் போடப்பட்டவை.

பிடிக்கிறதா இல்லையா என்று முடிவுகட்ட எவ்வளவு தூரம் போகவேண்டும்?

இதழ் எண்ணிக்கையை வைத்துச் சொன்னால் தப்பாகப் போகும், ஏனென்றால் ஒரு அத்தியாயம் என்பது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவு. '2000 ஏடி'யில் ஒரு வாரத்துக்கு ஐந்தாறு பக்கம். சாகாவின் முதல் இதழ் 44 பக்கம். ஐரோப்பிய ஆல்பம் ஐம்பது பக்கத்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் பக்கக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் நூறு பக்கம் கொடுப்பேன். ஆல்பமாக இருந்தால் இரண்டு, அமெரிக்க இதழாக இருந்தால் ஒரு தொகுப்பு, மங்காவாக இருந்தால் முதல் புத்தகத்தில் பாதி. நூறு பக்கம் தாண்டியும் ஒரு ஆள்கூட மனதில் நிற்கவில்லை என்றால் வைத்துவிடலாம். குற்ற உணர்ச்சி தேவையில்லை.

ஓவியம் பிடிக்கவில்லை என்றால் அவ்வளவுகூட வேண்டாம், இருபது பக்கம் போதும். கதை திருந்தும். கோடு திருந்துவது அபூர்வம்.

படமாகப் பார்த்துவிட்டேன். காமிக்ஸை நடுவிலிருந்து தொடங்கலாமா?

தொடங்காதீர்கள். ஹயாவோ மியசாகியின் 'நௌசிகா' 1982 முதல் 1994 வரை வந்த ஏழு புத்தகத் தொடர். அதை வைத்து அவரே எடுத்த படம் 1984-இலேயே வந்துவிட்டது. அப்போது கதை ஏறக்குறைய இரண்டு புத்தகத்துக்குத்தான் ஓடியிருந்தது. படம் முடிகிற இடத்திலிருந்து மூன்றாம் புத்தகத்தைப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் ஒட்டாது. யார் யாரோடு சேர்கிறார்கள், எந்த நாடு எதற்குச் சண்டை போடுகிறது என்பதெல்லாம் புத்தகத்தில் முதலிலிருந்தே வேறு.

அகிரா படமும் அப்படித்தான். மங்காவில் வெடிப்பு 1982-இல் நடக்கிறது. படத்தில் 1988 ஜூலை 16, அதாவது அந்தப் படம் ஜப்பானில் வெளியான அதே நாள். அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! எல் எடர்னாட்டா 2025-இல் திரைத்தொடராக வந்தது. அது நிகழ்காலத்தில் நடக்கிறது, அதனால் 1957-இன் சீட்டாட்ட இரவைத் தனியாகத்தான் படிக்கவேண்டும்.

மிகப் பழைய தொடர்கள் இன்றும் படிக்கத் தகுமா?

சில தகும், சில அலுக்கும். 'ஃப்ளாஷ் கார்டன்' 1934 ஜனவரி 7-ஆம் தேதி அமெரிக்க நாளிதழ்களில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கமாக வரத் தொடங்கியது. மோங்கோ என்ற கிரகம் பூமியை நோக்கி விரைகிறது. பத்து நிமிட வாசிப்புக்குள் ஃப்ளாஷ் விமானத்திலிருந்து குதித்து, ஒரு விஞ்ஞானியிடம் மாட்டி, ராக்கெட்டில் ஏற்றப்பட்டுவிடுகிறார். அலெக்ஸ் ரேமண்டின் ஓவியம் இன்னும் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் வாரம் ஒரு பக்கமாகப் படிக்க வேண்டியதை ஒரே மூச்சில் படித்தால் 'ஆபத்து, தப்பித்தல், ஆபத்து' என்று சலிப்புத் தட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம் போதும். கொடுங்கோலன் மிங்கை ஆசியர்களைப் பற்றிய அன்றைய அருவருப்பான பிம்பத்திலிருந்து செய்திருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு படியுங்கள்.

பழைய தொடரின் தொடக்கத்தைப் படிப்பதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நமக்குத் தெரிந்த நாயகன் அங்கே வேறு ஆளாக இருப்பான். 1962 அக்டோபரில் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் வந்த 'ஸ்டீல் கிளா', அதாவது நாம் இரும்புக்கை மாயாவி என்று கொண்டாடுகிற ஆள், தொடக்கத்தில் நல்லவரே இல்லை. ஆய்வுக்கூட உதவியாளரான லூயிஸ் கிராண்டெலுக்கு மின்சாரம் பாய்ந்து, எஃகுக் கையைத் தவிர உடம்பு முழுக்க மறைந்துபோகிறது. உடனே அவர் உலகைக் காப்பாற்றக் கிளம்பவில்லை, குற்றம் செய்யத்தான் கிளம்பினார். உளவாளியானதெல்லாம் பிற்பாடு. ஹேசுஸ் பிளாஸ்கோவின் நிழல் நிறைந்த ஓவியத்தில் அந்தக் கை மட்டும் காற்றில் மிதந்து வருவதைப் பார்த்தால், அது சாகசக்கதையாக அல்ல, பேய்க்கதையாகத் தொடங்கியது என்று தோன்றும்.

கதையில் சொன்ன வருடம் இப்போது கடந்துவிட்டதே. உறுத்தாதா?

உறுத்தாது. அகிராவின் 2019 போய்விட்டது, வலேரியனின் 1986 எப்போதோ போய்விட்டது. வருடத்தை ஒரு ஊர்ப்பெயர் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரெட் மட்டும் இதற்குத் தப்பிவிட்டார், அவருடைய உலகத்தில் நம்மோடு சேர்ந்து வருடம் ஓடுகிறது. 1977-இல் வந்த கதை 2099-இல் நடந்தது. அன்றிலிருந்து நமக்கு ஒரு வயது கூடினால் அவருக்கும் கூடுகிறது.

திரையில் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை முதல் வாசிப்பில் அணைத்துவையுங்கள். காமிக்ஸில் பக்கம் என்பதே ஒரு அளவுகோல். சின்னச் சின்னக் கட்டங்களாக வந்து, புரட்டியதும் இரண்டு பக்கத்தை விழுங்கிக்கொண்டு ஒரு விண்கலம் நிற்கும். கட்டம் கட்டமாகப் பார்த்தால் அந்த விண்கலமும் முந்தைய காபிக் கோப்பையும் ஒரே அளவில்தான் தெரியும். கைப்பேசியைவிடப் பெரிய திரை இருந்தால் நல்லது. இரண்டு பக்கத்தை ஒன்றாகக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

முடியாமல் இருக்கும் தொடரைத் தொடங்குவது புத்திசாலித்தனமா?

பொறுமை இருந்தால் சரி. சாகா 2018 ஜூலையில் 54-ஆவது இதழோடு, பயங்கரமான ஒரு இடத்தில், ஓய்வுக்குப் போனது. 2022 ஜனவரியில்தான் 55 வந்தது. மூன்றரை வருடம். மொத்தம் 108 இதழ் என்று ஆசிரியர்கள் திட்டம் சொல்லியிருப்பதால் இன்னும் தூரம் இருக்கிறது. இது தாங்காது என்கிறவர்கள் முடிந்த தொடரை எடுங்கள். அகிரா, நௌசிகா, எல் எடர்னாட்டாவின் முதல் கதை, ஆறு ஆல்ப இன்கால் எல்லாம் முழுமையாக இருக்கின்றன.

முன்னுரையைப் படித்துவிட்டுத் தொடங்கலாமா? இணையத்தில் கதைச் சுருக்கம் பார்க்கலாமா?

இரண்டும் வேண்டாம். முன்னுரை எழுதுகிறவர்கள் நாம் ஏற்கெனவே படித்தவர்கள் என்ற நினைப்பிலேயே எழுதுகிறார்கள். எல் எடர்னாட்டாவுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். ஓஸ்டர்ஹெல்ட் 1977-இல் ராணுவ ஆட்சியின்போது கடத்தப்பட்டுக் காணாமல்போனார், அவருடைய நான்கு மகள்களும் அப்படியே. அதைத் தெரிந்துகொள்வது அவசியம்தான். ஆனால் எந்த முன்னுரையும் அதோடு நிற்காமல் கடைசிப் பக்கம் வரை பேசிவிடும்.

சிறுவர்களுக்குக் கொடுக்கலாமா?

வலேரியன், ஃப்ளாஷ் கார்டன் போன்றவற்றைக் கொடுக்கலாம். நௌசிகாவைப் பதின்ம வயதினருக்கு. சாகா, இன்கால், அகிரா மூன்றும் பெரியவர்களுக்கு மட்டும். சாகாவின் அட்டையில் பாலூட்டும் தாயைப் பார்த்துக் குடும்பக் கதை என்று நினைத்துவிடவேண்டாம்.

முதல் தொகுப்பை ஆறு மாதத்துக்கு முன் படித்தேன். இரண்டாவதை இப்போது எடுத்தால் எல்லாம் மறந்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்தா?

முழுக்க வேண்டாம். முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படியுங்கள். இந்தத் தடவை முதல் அத்தியாயம் வேறு மாதிரி இருக்கும், பின்னணியில் நிற்கிறவர்களில் ஒருவரை இப்போது உங்களுக்குத் தெரியும்.